ஜிஐ பைப்பில் பாலி டனல் சட்டம்: வெல்டிங் இல்லாமல் இணைப்பது எப்படி?

நாற்றங்காலுக்கும் கீரைக்கும் ஏற்ற, ஆள் உள்ளே நடமாடும் உயரமுள்ள பாலி டனல் (பாலித்தீன் போர்த்திய வளைவுக் கூடாரம்) ஒன்றின் சட்டத்தை, கடையில் கிடைக்கும் சாதாரண ஜிஐ பைப்பை வைத்து எழுப்பும் முறை இது. நீளம் 15 மீட்டர், அகலம் 3.44 மீட்டர் (சுமார் பதினொன்றேகால் அடி), நடு உயரம் 2 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு பேர் போதும். ஆர்ச் தூக்கும் நாளில் மட்டும் மூன்றாவது ஆள் தேவை.

இந்தச் சட்டத்தில் எந்த இணைப்பிலும் வெல்டிங் கிடையாது. ஜிஐ பைப்பைக் காப்பது மேலே உள்ள துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். வெல்டிங் சூடு அதைவிடப் பல மடங்கு. பற்ற வைத்த இடத்தைச் சுற்றி வெளியிலும் உள்ளேயும் பூச்சு போய்விடும். வெளியே பெயின்ட் அடிக்கலாம், உள்ளே எட்டாது. டனலுக்குள் எப்போதும் ஈரம் இருப்பதால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரலாம். போல்ட் போட்ட சட்டத்தை நாளைக்கு இடம் மாற்றவும் முடியும்.

1. பைப்பின் அளவைப் புரிந்துகொண்டு வாங்குங்கள்

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் முதல் இடம் கடைதான். ‘ஒரு இன்ச் பைப்’ என்பது உள்விட்டத்தை ஒட்டி வைத்த பெயர். டேப் வைத்து வெளியே அளந்தால் 25 மி.மீ. வராது, 33.7 மி.மீ. வரும். வெளிவிட்டம் இப்படி: அரை இன்ச் 21.3, முக்கால் இன்ச் 26.9, ஒரு இன்ச் 33.7, ஒன்றேகால் இன்ச் 42.4 மி.மீ. ஒன்றுக்குள் ஒன்று நுழைவதை நம்பித்தான் இந்த வேலை முழுவதும் இருக்கிறது. அதனால் இந்த நான்கு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தடிமன். ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரப்படி வரும் பைப்பில் மஞ்சள் பட்டை போட்டது ஏ கிளாஸ், நீலம் பி கிளாஸ், சிவப்பு சி கிளாஸ். ஒரு இன்ச்சில் ஏ கிளாஸ் சுவர் 2.6 மி.மீ., பி கிளாஸ் 3.2, சி கிளாஸ் 4 மி.மீ. இந்த அகலத்துக்கு ஏ கிளாஸ் போதும். கனமானதை வாங்கினால் செலவு கூடுவதோடு, உள்குழாயும் நுழையாமல் போகும். ஏ கிளாஸ் ஒரு இன்ச் பைப்புக்குள் 28.5 மி.மீ. இடம் இருக்கிறது, 26.9 மி.மீ. உள்ள முக்கால் இன்ச் சுகமாக நுழையும். பி கிளாஸில் உள்ளிடம் 27.3 மி.மீ. தான், உள்ளே ஓடும் வெல்டிங் தழும்பே வழியை அடைத்துவிடும்.

‘ப்ரீ-ஜிஐ’ என்று மலிவாகக் கொடுப்பது வேறு சரக்கு. முன்பே பூச்சிட்ட தகட்டைச் சுருட்டிச் செய்தது. சுவரும் மெல்லியது, பூச்சும் மெல்லியது. ஆர்ச்சாக வளைக்கும்போது உட்பக்கம் மடிந்துவிடும். வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) கொண்டு போய்ச் சுவரை அளந்து பார்த்து வாங்குங்கள்.

வாங்க வேண்டியவை (பைப் ஒன்று 6 மீட்டர்):

- ஒரு இன்ச்: 13. ஆர்ச்சுக்கு 11, வாசல் கால்களுக்கு 2.
- ஒன்றேகால் இன்ச்: 4. ஆர்ச்சின் கால்கள் இறங்கும், மண்ணில் நடும் அடிக்குழாய்க்கு.
- முக்கால் இன்ச்: 10. பர்லினுக்கு (ஆர்ச்சுகளை நீளவாக்கில் இணைக்கும் குழாய்) 9, மூலைகளில் வரும் சாய்வுத் தாங்கிக்கு 1.
- அரை இன்ச்: 2 மீட்டர் துண்டு ஒன்று. பர்லின் சேர்ப்புக்கு.
- 10 மி.மீ. போல்ட், 65 மி.மீ. நீளம்: 44, நட்டு வாஷரோடு.
- ஒரு இன்ச் பைப்புக்கான 8 மி.மீ. யூ போல்ட்: 33. நைலாக் நட்டோடு (அதிர்வில் தளராத நட்டு).
- பட்டை கிளாம்ப்: ஒரு இன்ச்சுக்கு 8, ஒன்றேகால் இன்ச்சுக்கு 4. 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் பட்டையில் பட்டறையில் மடித்துத் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு 8 மி.மீ. போல்ட்.
- செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ: 24, கைவசம் சில கூடுதலாக.
- சிமென்ட் 8 மூட்டை, அதற்கேற்ற மணல், முக்கால் இன்ச் ஜல்லி. அடிக்குழாயில் குறுக்கே செருக 10 மி.மீ. கம்பி 20 செ.மீ. துண்டுகளாக 22.
- துத்தநாகப் பெயின்ட் ஒரு டப்பா.

ஏ கிளாஸ் பைப் மொத்தம் ஏறத்தாழ 300 கிலோ வரும். கடைக்காரர் கிலோ கணக்கில் விலை சொன்னால் இதை வைத்துச் சரிபாருங்கள்; எடை பெரிதாகக் குறைந்தால் சுவர் மெல்லிய பைப்பைத் தருகிறார் என்று பொருள்.

2. ஒரு பைப்பில் ஒரு ஆர்ச்

அகலம் 3.44 மீட்டர் என்பது பைப்பின் நீளத்திலிருந்து வந்த கணக்கு. 6 மீட்டரில் இரு முனையிலும் 30 செ.மீ. நேராக விட்டால் வளைவுக்கு 5.4 மீட்டர் மிஞ்சும். அதை அரைவட்டமாக்கினால் ஆரம் 1.72 மீட்டர், அகலம் அதன் இரு மடங்கு. பைப்பில் ஒரு துண்டும் வீணாகாது, ஆர்ச்சில் ஒரு இணைப்பும் வராது.

‘இன்னும் நாலடி அகலம் வேண்டும், இரண்டு பைப்பை உச்சியில் சேர்த்துவிடலாம்’ என்று தோன்றும். வளைத்த பைப்புக்குள் நேரான உள்குழாய் நுழையாது. உச்சியில் நேராக விட்டுச் சேர்த்தால் அங்கே கூரை தட்டையாகி மழைநீர் தேங்கும். பிளம்பிங் சாக்கெட் போட்டால் மரை வெட்டிய இடத்தில் சுவர் பாதியாகத் தேய்ந்து, காற்றில் அங்கேயே முறியும். இடம் கூடுதலாக வேண்டுமென்றால் டனலை நீளமாக்குங்கள், அல்லது பக்கத்தில் இன்னொன்று போடுங்கள்.

3. வளைக்கும் முன்பே குறியிடுங்கள்

பைப் நேராக இருக்கும்போது குறிப்பது எளிது, வளைந்த பிறகு டேப் நிற்காது. ஒவ்வொரு ஆர்ச் பைப்பிலும் ஐந்து குறி: இரு முனையிலிருந்தும் 30 செ.மீ. (வளைவு தொடங்கும் இடம்), இரு முனையிலிருந்தும் 1.65 மீட்டர் (பக்கப் பர்லின்), நட்ட நடுவே 3 மீட்டர் (உச்சிப் பர்லின்). பெயின்ட் மார்க்கரால் சுற்றுவட்டமாகப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்ட குறி உருளைகளில் தேய்ந்துவிடும்.

வளைக்கும் வேலையை மூன்று உருளை ரோலிங் மெஷின் உள்ள பட்டறையில் கொடுங்கள். மரத்தில் அச்சு செய்து கையால் வளைக்கவும் முடியும். ஆனால் விட்டவுடன் பைப் கொஞ்சம் திரும்ப விரியும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு விரியும். பதினொன்றும் ஒரே உருவில் வருவது கடினம். ரோலிங் மெஷின் எப்படியும் இரு முனையிலும் கொஞ்சம் நேராக விட்டுவிடும். மற்ற வேலைகளில் குறையாகத் தெரியும் அந்த நேர்ப்பகுதிதான் நமக்கு அடிக்குழாயில் இறங்கும் கால். ‘நேராக இருக்கிறதே’ என்று பட்டறையில் வெட்டிவிடாதபடி முன்பே சொல்லிவிடுங்கள்.

பட்டறைத் தரையில் சாக்பீஸால் 1.72 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் வரைந்து, முதல் ஆர்ச்சை அதன் மேல் கிடத்திப் பாருங்கள். கால்களின் இடைவெளி 5 செ.மீ. கூடக் குறைய இருந்தால் நடும்போது கையால் அழுத்திச் சேர்த்துவிடலாம். தரையில் கிடத்தியபோது ஒரு கால் மேலே எழும்பி நின்றால் பைப் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை அங்கேயே நிமிர்த்த வேண்டும். வயலில் சரிசெய்ய முடியாது.

4. அடிக்குழாய்

ஒன்றேகால் இன்ச் பைப்பை ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டினால் 24 கிடைக்கும், 22 தேவை. ஒவ்வொன்றிலும் நடும் முன் இரண்டு ஓட்டை.

மேல் முனையிலிருந்து 30 செ.மீ. கீழே 11 மி.மீ. ஓட்டை. இதில் போடும் போல்ட் மீதுதான் ஆர்ச்சின் கால் உட்காரும். இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆர்ச்சும் ஒவ்வொரு ஆழத்துக்கு இறங்கி, உச்சி மேடும் பள்ளமுமாக நிற்கும்.

கீழ் முனையிலிருந்து 10 செ.மீ. மேலே இன்னொன்று. இதில் 20 செ.மீ. கம்பியைக் குறுக்கே செருகுங்கள். வழவழப்பான பைப் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வருவதை இந்தக் கம்பி தடுக்கும்.

சட்டத்தின் எடையைத் தாங்க அஸ்திவாரம் போடுகிறோம் என்று நினைத்துக் குழியைச் சிறிதாக்குபவர்கள் அதிகம். 300 கிலோவைத் தாங்கச் செங்கல்லே போதும். காற்று சட்டத்தை மேலே தூக்குவதைத் தடுக்கத்தான் கான்கிரீட். மணிக்கு 90 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 38 கிலோ விசை தரும். இந்த டனலின் பரப்பு 51.6 சதுர மீட்டர். ஆக, தூக்கும் விசை கிட்டத்தட்ட 1.96 டன், ஒரு காலுக்கு 89 கிலோ. 30 செ.மீ. விட்டத்தில் 65 செ.மீ. ஆழக் கான்கிரீட் ஏறத்தாழ 110 கிலோ இருக்கும். அந்த அளவு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு இவ்வளவுதான். குழியைப் பாதியாக்கினால் எடையும் பாதி.

5. குறிகட்டி நடுதல்

நீளவாக்கை அந்த ஊர்க் காற்றின் திசையோடு ஒட்டி வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமானால் கிழக்கு மேற்காக. அம்மியும் பறக்கும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்று அகன்ற பக்கத்தில் மோதுவதைவிடக் குறுகிய முகப்பில் மோதுவது நல்லது.

முதலில் நான்கு மூலை. அகலம் 3.44, நீளம் 15 மீட்டர். இரண்டும் பைப்பின் மையத்திலிருந்து மையத்துக்கு. இரண்டு மூலைவிட்டங்களும் 15.39 மீட்டர் வர வேண்டும். 2 செ.மீ. வித்தியாசம் இருந்தாலும் திருத்துங்கள். மூலை மட்டம் தப்பினால் ஆர்ச்சுகள் சாய்சதுரமாக நிற்கும், பாலித்தீன் இழுக்கும்போது ஒரு பக்கம் சுருக்கம் விழும்.

மூலைக் குழாய்களை 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் நட்டு, மறுநாள் வரை விடுங்கள். பிறகு அவற்றின் மேல்நுனியை ஒட்டி நூல் கட்டி, 1.5 மீட்டருக்கு ஒன்றாக மற்றவற்றை நடுங்கள். தரைக்கு மேல் 35 செ.மீ. நிற்க வேண்டும், தடுப்பு ஓட்டை தரைக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் வரும். தரை சமமில்லாவிட்டால் நூல் சொல்வதைக் கேளுங்கள், தரையை அல்ல. ரசமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். தடுப்பு ஓட்டை டனலின் நீளவாக்கைப் பார்த்திருக்கட்டும். காரணம் அடுத்த படியில்.

குழாயின் வாயைச் சாக்குத் துணியால் அடைத்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள். உள்ளே கலவை விழுந்து இறுகினால் ஆர்ச் இறங்காது, அந்தக் குழாயைத் தோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. கான்கிரீட்டின் மேற்பரப்பைக் குழாயிலிருந்து வெளிப்புறமாகச் சரித்து விடுங்கள். ஆர்ச் ஏற்ற ஏழு நாளாவது பொறுங்கள். தினம் இருவேளை தண்ணீர் ஊற்றுங்கள்.

6. கால் இணைப்பு

கடைசி இரு முனை ஆர்ச்சுகளை முதலில் இறக்குங்கள், பிறகு இடைப்பட்டவை. 33.7 மி.மீ. பைப் 37.2 மி.மீ. உள்ளிடத்தில் இறங்குவதால் மூன்றரை மி.மீ. ஆட்டம் இருக்கும். அது வேண்டும், சிறு கோணல்களை அந்த ஆட்டம்தான் விழுங்கிக்கொள்கிறது.

எல்லா ஆர்ச்சும் தடுப்பு போல்ட்டில் உட்கார்ந்து, உச்சிகள் நூலில் ஒரே கோட்டில் வந்த பிறகுதான் அடுத்த ஓட்டை. அடிக்குழாயின் மேல்முனையிலிருந்து 10 செ.மீ. கீழே, குழாய், கால் இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் துளையுங்கள். தரையில் வைத்துத் தனித்தனியாகத் துளைத்துக் கொண்டுவந்தால் இரண்டு ஓட்டையும் பொருந்தவே பொருந்தாது. பிறகு ஓட்டையை அகலமாக்கி, போல்ட் ஆடி, காற்றுக்காலம் முழுவதும் சட்டம் கடகடக்கும்.

சென்டர் பஞ்ச் அடித்து, 4 மி.மீ. பிட்டில் வழி செய்து, பிறகு 11 மி.மீ. போடுங்கள். நேராகப் பெரிய பிட்டை வைத்தால் உருண்டையான பரப்பில் வழுக்கும்.

ஓட்டை டனலின் நீளவாக்கில் இருக்க வேண்டும். காற்று ஆர்ச்சை அதன் தளத்துக்குள்ளேயே வளைக்கப் பார்க்கிறது. பைப்பின் வெளிமுகமும் உள்முகமும்தான் அந்த இழுவிசையையும் அழுத்தத்தையும் வாங்குகின்றன. இரு பக்கவாட்டு முகங்கள் ஏறக்குறைய சும்மா இருக்கும். ஓட்டை அங்கே விழுந்தால் வலிமை அதிகம் குறையாது.

இந்த இடத்தில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ வேண்டாம். நிறைய பேர் நேரம் மிச்சம் என்று இதைத்தான் அடிக்கிறார்கள். தூக்கும் விசை முழுவதும் வந்து சேரும் இணைப்பு இது. காற்றின் அதிர்வில் ஸ்க்ரூவின் மரை மெல்லிய சுவரைத் தின்றுவிடும்.

தடுப்பு போல்ட்டுக்கு ஒட்டி மேலே 6 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டுவிடுங்கள். இடுக்கு வழியே இறங்கும் தண்ணீர் வெளியேற வேண்டும்.

7. பர்லின்: நீளச் சேர்ப்பு

6 மீட்டர் பைப்பை அப்படியே வரிசையாக வைத்தால் சேர்ப்புகள் 6 மீட்டரிலும் 12 மீட்டரிலும் விழும். 1.5 மீட்டர் இடைவெளியில் ஆர்ச்சும் சரியாக அங்கேதான் நிற்கிறது! யூ போல்ட் ஓட்டையும் சேர்ப்பும் ஒரே இடத்தில் மோதும். பாதியாக வெட்டி 3 மீட்டரில் தொடங்கினாலும் இதே கதை.

முதல் துண்டை 5.4 மீட்டராக வெட்டுங்கள். அடுத்தது முழுசாக 6, கடைசி 3.68 (முனை ஆர்ச்சுகளைத் தாண்டி நீள 8 செ.மீ. கூடுதல்). சேர்ப்புகள் 5.4, 11.4 மீட்டரில் விழும். ஆர்ச்சுக்கு 60 செ.மீ. தள்ளி. மிஞ்சும் 2.3 மீட்டர் துண்டுகள் மூன்றையும் பத்திரமாக வையுங்கள், சாய்வுத் தாங்கிக்கு ஆகும்.

அரை இன்ச் பைப்பை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டி, பக்கத்துக்கு 15 செ.மீ. நுழைத்து, பக்கத்துக்கு இரண்டு செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. இங்கே விசை குறைவு, ஸ்க்ரூ போதும். வெட்டிய முனையின் பிசிறை அரத்தால் எடுத்தால்தான் உள்குழாய் போகும். ஸ்க்ரூவின் தலை கீழ்ப்பக்கம் பார்க்கட்டும்.

8. பர்லினும் ஆர்ச்சும் சேரும் இடம்

33 இடங்களில் வரும் இணைப்பு இது. பர்லின் ஆர்ச்சின் உட்புறம், அதாவது அடியில் இருக்க வேண்டும். மேலே வைத்தால் பாலித்தீன் பர்லினில் தொங்கி, இரண்டுக்கும் நடுவே தண்ணீர்க் குட்டை கட்டும்.

பிளம்பிங் டீயை (‘T’ வடிவ இணைப்பு) இங்கே கொண்டுவராதீர்கள். டீக்குள் பைப் ஊடுருவிப் போகாது. ஒவ்வொரு பர்லினுக்கும் ஆர்ச்சை வெட்ட வேண்டிவரும். ஒரு பைப்பில் ஒரு ஆர்ச் என்று பாடுபட்டதெல்லாம் வீண்.

ஆர்ச்சில் ஓட்டை போடாமல் பர்லினில் மட்டும் போடுகிறோம். யூ போல்ட் ஆர்ச்சின் மேல் கவிழ்ந்து, அதன் இரு கால்களும் பர்லினில் 42 மி.மீ. இடைவெளியில் போட்ட 9 மி.மீ. ஓட்டைகள் வழியே கீழே வரும். அடியில் வாஷர், நைலாக் நட்டு.

மூன்று பர்லின்களையும் தரையில் பக்கம் பக்கமாக அடுக்கி, ஒரே கோட்டில் ஓட்டைகளைக் குறியுங்கள். முதல் ஆர்ச் முனையிலிருந்து 4 செ.மீ. உள்ளே வந்தால் போதும். அதற்காகத்தான் பர்லினின் கடைசித் துண்டை 8 செ.மீ. நீளமாக வெட்டினோம். குறி ஒன்றாக இருந்தால், அடியில் சற்றுச் சாய்ந்த ஆர்ச்சும் தானாக நிமிர்ந்துவிடும்.

முதலில் உச்சிப் பர்லின், பிறகு இரு பக்கம். எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் ஏற்றுங்கள். பதினோரு ஆர்ச்சும் கோர்த்த பிறகு, நடு ஆர்ச்சிலிருந்து இரு முனைகளை நோக்கி முடுக்குங்கள். முதலிலிருந்தே முடுக்கிக்கொண்டு போனால் சிறு தவறுகள் சேர்ந்துகொண்டே போய், கடைசி ஆர்ச்சில் ஓட்டை இரண்டு விரற்கடை தள்ளி நிற்கும். பர்லின் நசுங்கத் தொடங்கினால் அதற்கு மேல் முடுக்கக் கூடாது. நசுங்கிய பைப்பில் பிடிப்பு வராது.

9. சாய்வுத் தாங்கி

பாலித்தீனை நீளவாக்கில் இழுத்துக் கட்டும்போது முனை ஆர்ச்சுகள் உள்நோக்கிச் சாயும். பர்லின் மட்டும் இருந்தால் பதினொன்றும் சேர்ந்து ஒரே பக்கம் சாயும். இதைத் தடுப்பவை நான்கு மூலையிலும் வரும் சாய்வுத் தாங்கிகள். சட்டம் ஆடாமல் நிற்கிறதே என்று இதை விட்டுவிடுபவர்கள்தான் முதல் காற்றுக்குப் பிறகு சட்டத்தை மறுபடி கட்டுகிறார்கள்.

முனை ஆர்ச்சில் பக்கப் பர்லினுக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் தொடங்கி, இரண்டாவது ஆர்ச்சின் அடிக்குழாயில் முடிய வேண்டும். நீளம் சுமார் 2 மீட்டர். இடத்தில் வைத்து அளந்து வெட்டுங்கள். 2.3 மீட்டர் துண்டு மூன்று இருக்கிறது, நான்காவது பத்தாம் பைப்பிலிருந்து.

இரு முனையும் 5 செ.மீ. நீளத்துக்குச் சுத்தியலால் தட்டையாக்கி, 9 மி.மீ. ஓட்டை. பூச்சு விரிசல் விடும். துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். ஆர்ச்சையும் அடிக்குழாயையும் பட்டை கிளாம்ப் சுற்றிப் பிடிக்கும், அதன் இரு காதுகளோடு தட்டையான முனையைச் சேர்த்து ஒரே போல்ட். கிளாம்ப் எந்தக் கோணத்துக்கும் திரும்பும் என்பதால் அளவு பார்த்துத் துளைக்கும் தொல்லை இல்லை.

10. முகப்பும் வாசலும்

ஒரு இன்ச் பைப் ஒன்றில் 2.5 மீட்டர் கால் இரண்டும், வாசல் தலைக்கு ஒரு மீட்டரும் கிடைக்கும். கால்கள் நடுவிலிருந்து இருபுறமும் 45 செ.மீ. தள்ளி, 45 செ.மீ. மண்ணுக்குள் கான்கிரீட்டில். மேல்முனையைத் தட்டையாக்கிப் பட்டை கிளாம்ப்பால் ஆர்ச்சோடு பிடிக்கலாம். 90 செ.மீ. வாசலில் நாற்றுத் தட்டோடு ஆள் நுழையலாம். கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே திறக்கும் கதவைக் காற்று தள்ளித் திறந்தால் டனல் பலூனாகிவிடும்.

11. பாலித்தீன் போடும் முன்

வெறுங்கையால் ஒவ்வொரு ஆர்ச்சின் வெளிப்பரப்பையும் தடவிப் பாருங்கள். கையைக் கீறுவது பாலித்தீனையும் கிழிக்கும். யூ போல்ட்டின் முதுகு, பட்டை கிளாம்ப், ஸ்க்ரூ முனை எல்லாவற்றின் மேலும் பழைய துணியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

ஆர்ச்சின் வெளிமுகத்தில் வெள்ளை பெயின்ட் அல்லது வெள்ளை டேப் கட்டாயம். சித்திரை வெயிலில் பைப் கொதிக்கும். அது தொடும் கோட்டில்தான் 200 மைக்ரான் யூ.வி. பாலித்தீன்கூட முதலில் நொறுங்குகிறது.

முனை ஆர்ச்சின் உச்சியைப் பிடித்து நீளவாக்கில் பலமாக ஆட்டுங்கள். பர்லின் வழியே அசைவு மறுமுனை வரை போனால் சாய்வுத் தாங்கிகளின் போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை, முதல் பெருங்காற்று கழிந்த மறுநாள் ஒருமுறை எல்லா நட்டுக்கும் ஸ்பானர் போடுங்கள்.

கடலோர மாவட்டங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு நொடிக்கு 25 மீட்டர் காற்றுக்கு. ஐ.எஸ். 875 காற்று வரைபடம் கோவை, மதுரைக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர் என்று வைத்திருக்கிறது; காற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். புயல் அறிவிப்பு வந்ததும் பாலித்தீனைக் கழற்றிச் சுருட்டிவிடுங்கள், நேரமில்லாவிட்டால் நீளவாக்கில் கத்தியால் கிழித்துவிடுங்கள். பாலித்தீன் இல்லாத சட்டத்தில் காற்றுக்குப் பிடிமானம் கிடையாது.